காற்று நமது, கணக்கு யாரிடம்?



காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையை அடுத்து, திருப்புட்குழி என்றோர் ஊர் உண்டு. புள் என்றால் பறவை. சீதையைக் கவர்ந்து சென்ற இராவணனை வழிமறித்து மடிந்த சடாயுவுக்கு இறுதிக் கடன் நடந்த இடம் இது என்று தலபுராணம் கூறுகிறது. புராணத்தை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். ஆனால் அந்தக் கிழப் பறவை செய்த வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். வானில் விரைந்த தேரைக் கண்டு, "ஆகா, என்ன அழகு!" என்று அது சொக்கி நிற்கவில்லை. தேரை ஓட்டுபவன் யார், கொண்டு போவது எதை என்று கேட்டது. கேட்டதற்கு விலையாகச் சிறகைக் கொடுத்தது.

இன்று நம் சட்டமன்றங்களில் தேரழகைப் பாராட்டுவோர் ஏராளம். ஓட்டுபவன் யாரென்று கேட்போர் எத்தனை பேர்? அதிலும், தேரின் மீது 'பசுமை மின்சாரம்' என்று எழுதி ஒட்டிவிட்டால் போதும்! ஆளுங்கட்சி வரிசையிலே ஆரவாரம், எதிர்வரிசையிலே அமைதி. "மாற்று மின்சாரத்தில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு" என்று உறுப்பினர் உரையாற்றுவார். எத்தனை மெகாவாட், எத்தனை கோடி என்று இரண்டு எண்களைப் படிப்பார், அமர்ந்துவிடுவார். அக்கறைக்கு அத்துடன் முற்றுப்புள்ளி!

காற்றாலையும் கதிரொளியும் வேண்டாம் என்பவர்கள் அல்லர் நாம். 1986ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் காற்றாலைகள் எழுந்த நாள் தொட்டு, இத்துறையில் வழிகாட்டிய நாடு தமிழ்நாடு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முப்பந்தலில் மின்சாரமாகிறது. மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்து நிற்கிறது. 2030க்குள் நிலக்கரி, எண்ணெய் சாராத மின் திறனை 5,00,000 மெகாவாட்டாக்குவோம் என்று 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா சூளுரைத்தது. நல்லது, நடக்கட்டும்.

காற்றுக்கு வாடகை இல்லை. கதிரவனுக்குக் கூலி இல்லை. ஆனால், காற்றைப் பிடிக்கும் பொறிக்கு விலை உண்டு. கதிரைப் பிடிக்கும் தகட்டுக்கு விலை உண்டு. அவற்றை வாங்கும் கடனுக்கு வட்டி உண்டு. ஆக்கிய மின்சாரத்தை வாங்க 25 ஆண்டு ஒப்பந்தம் உண்டு. பொறி எவனுடையது, கடன் எவனுடையது, ஒப்பந்தம் எவனுக்குச் சாதகமானது என்று கேட்பதே அக்கறையின் அடையாளம்.

'முதலீட்டுப் பாதுகாப்பு' என்கிறார்கள். பணம் போட்டவர் அகராதியில் அதற்குப் பொருள், போட்ட பணம் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்பது. நாட்டு மக்கள் அகராதியில் மற்றொரு பொருளும் உண்டு: வந்து சேரும் முதலீடு நாட்டின் கழுத்தில் சுருக்காக விழாதிருக்க வேண்டும் என்பது! முதற்பொருளைக் காக்க வழக்கறிஞர்கள் உண்டு, வங்கிகள் உண்டு, நடுவர் மன்றங்கள் உண்டு. இரண்டாம் பொருளைக் காக்க யார் உண்டு? மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் மட்டுமே உண்டு.

இது வீண் அச்சம் என்பார்கள். தனியார் முதலீட்டின் தாயகமான அமெரிக்கா என்ன செய்தது? ஆரிகன் மாநிலத்தில், கடற்படைப் பயிற்சித் தளம் ஒன்றின் அருகே, சீனருக்குச் சொந்தமான ரால்ஸ் நிறுவனம் நான்கு காற்றாலைத் திட்டங்களை வாங்கியது. 2012 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ஒபாமா ஆணையிட்டார்: நாட்டுப் பாதுகாப்புக்கு ஊறு, விற்றுவிட்டு வெளியேறுக! காற்றாலைதானே என்று அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

அமெரிக்கா தொலைவு, நம் கடலைப் பாருங்கள். பாக் நீரிணையை ஒட்டிய நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய ஈழத்துத் தீவுகளில் காற்று, கதிர் மின் திட்டம் அமைக்க 2021 சனவரியில் சீன நிறுவனம் ஒன்றுக்கு ஒப்பந்தம் அளித்தது இலங்கை. இந்தியா எதிர்ப்புத் தெரிவித்தது. அவ்வாண்டு டிசம்பரில் திட்டம் நின்றது. பின்னர் இந்திய நிதியுதவியோடு வேறு கைக்கு மாறியது. அந்தத் தீவுகளில் வாழ்பவர் சில ஆயிரம் தமிழ் மீனவரும் உழவரும். அவர்கள் வீட்டு விளக்கை யார் ஏற்றுவது என்பதில் இரண்டு வல்லரசுகள் மல்லுக்கு நின்றன! விளக்கின் பின்னால் இருக்கும் வலிமை எத்தகையது என்பது புரிகிறதன்றோ?

இந்திய அரசுக்கும் இது தெரியும். 2020 ஏப்ரலில், எல்லையை ஒட்டிய நாடுகளிலிருந்து வரும் முதலீடு அரசின் முன் அனுமதி பெற்றே வரவேண்டும் என்று விதி செய்தது. 2022 ஏப்ரலில், வெளிநாட்டுச் சூரியத் தகடுகளுக்கு 40 விழுக்காடு சுங்கவரி விதித்தது. காரணம் என்ன? சூரியத் தகட்டு உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் 80 விழுக்காட்டுக்கு மேல் சீனத்தின் கையில் இருப்பதாக அதே ஆண்டில் பன்னாட்டு எரிசக்தி முகமை எடுத்துக் காட்டியது. உலகின் கதிரொளிக்கு ஒரே வாசல். அந்த வாசலுக்கு ஒரே காவற்காரன்!

வெளிவாசலில் காவல் வைத்தால் ஆயிற்றா? வீட்டுக்குள் நடப்பதைப் பாருங்கள். 2015 சூலையில் இராமநாதபுரம் மாவட்டம் கமுதிக்கான 648 மெகாவாட் மின்சாரத்தை, யூனிட் 7 ரூபாய் 1 காசுக்கு 25 ஆண்டுகள் வாங்கிக்கொள்ளத் தமிழ்நாடு மின் வாரியத்துக்கும் அதானி குழுமத்துக்கும் ஒப்பந்தமாயிற்று. ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விலை என்றார்கள், உண்மை. அதே சூலையில் மத்தியப் பிரதேசம் ஏலம் விட்டது. 5 ரூபாய் 5 காசுக்குத் தருவோம் என்று முன்வந்தார்கள். 2017இல் இராசசுதான் ஏலத்தில் விலை 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கியது. விலை சரியும் என்று தெரிந்த பொருளை, ஏலமின்றி, கால் நூற்றாண்டுக்கு ஒரே விலையில் வாங்கலாமா? எதிர்க்கட்சிகள் அன்று கேட்டன, ஒப்பந்தம் அசையவில்லை.

2024 நவம்பரில் நடந்தது இன்னும் வேடிக்கை. கதிர் மின்சார விற்பனை தொடர்பாகக் கையூட்டுத் திட்டம் தீட்டியதாக அதே குழுமத்தின் தலைவர்மீது நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வந்தது. அதில் குறிப்பிடப்பட்ட மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. குழுமம் மறுத்தது, தமிழ்நாட்டு மின் துறை அமைச்சர், அக்குழுமத்தோடு நேரடி ஒப்பந்தம் ஏதும் தம் ஆட்சியில் செய்யப்படவில்லை என்றார். குற்றச்சாட்டு தீர்ப்பாகாது, அதை நாமும் அறிவோம். நம் கேள்வி வேறு. நம் மின் ஒப்பந்தங்களைப் பற்றிய செய்தி நமக்கு நியூயார்க்கிலிருந்தா வரவேண்டும்? சென்னைக் கோட்டையில் கேட்க ஆளில்லையா?

திருப்புட்குழிக் கோயிலில் வறுத்த பயறும் முளைக்கும் என்பது பக்தர் நம்பிக்கை. நம்பிக்கை பக்தருக்கு உரியது. ஆட்சிக்கு உரியது கணக்கு. 1990களில், காற்றாலைக்குப் போட்ட பணம் முழுவதையும் முதலாண்டிலேயே வரிக்கணக்கில் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளச் சலுகை தந்தார்கள். பொறி நட்டாலே ஆதாயம்; அது சுழல்கிறதா என்பது இரண்டாம் கவலை! உண்டாக்கும் யூனிட்டுக்கு இவ்வளவு ஊக்கத்தொகை என்ற முறை வர 2009 ஆயிற்று. வறுத்த விதையை நட்டுவிட்டு அறுவடைக்கு ஏங்கிய கதை அது.

நம் காஞ்சி மாவட்டத்திலேயே, திருப்பெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில், அமெரிக்க நிறுவனமான பர்ஸ்ட் சோலாரின் தகட்டு ஆலை 2024 சனவரியில் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 3,300 மெகாவாட் அளவுக்குத் தகடு செய்யும் திறனுடையது. வரவேற்போம், நம் இளைஞருக்கு வேலை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆலைக்கு 50 கோடி டாலர் வரை கடன் தர முன்வந்தது அமெரிக்க அரசின் நிதி நிறுவனம். தன் நாட்டு நிறுவனத்தின் முதலீட்டுக்கு அந்த அரசு துணை நிற்கிறது. நம் நிலமும் நம் உழைப்பும் அதே ஆலையில் முதலீடுதான். அதற்குத் துணை நிற்பது யார்?

"அந்நிய முதலீடு ஒன்றிய அரசின் அதிகாரம், சட்டமன்ற உறுப்பினர் என்ன செய்வார்?" என்று தப்பிக்கப் பார்ப்பார்கள். மின்சாரம் அரசியல் சட்டத்தின் பொதுப்பட்டியலில் உள்ளது. வாங்கும் மின்சாரத்துக்குப் பணம் கட்டுவது மாநிலம். கேள்வி நேரம் இருக்கிறது. மானியக் கோரிக்கை இருக்கிறது. பொது நிறுவனங்கள் குழு இருக்கிறது. கருவி இருக்கிறது, கை எங்கே?

இதே மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படியுங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டியது. அது எல்லாருக்குமான குடியாட்சி அன்று. நிலமும் வேதக் கல்வியும் உடையோரின் சபை. ஆயினும் அந்தச் சபைகூட, பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் குடவோலையில் பெயர் எழுதப்பெறக் கூடாது என்று விதித்தது. அவருடைய உறவினரையும் விலக்கியது! அனைவருக்கும் வாக்குரிமை பெற்ற நாம், அதனினும் குறைந்ததைக் கேட்பதா?

எனவே தோழர்களே, உங்கள் ஊருக்கு உறுப்பினர் வரும்போது மாலையோடு நான்கு கேள்விகளையும் கொண்டு செல்லுங்கள். மின்வாங்கும் ஒப்பந்தங்கள் அனைத்தும் அவையின் மேசையில் வைக்கப்படுமா? ஏலமின்றி விலை பேசுவது இனி இல்லை என்று உறுதி உண்டா? காற்றாலைக்கும் தகட்டுக்கும் உண்மையான உடைமையாளர் யார், கடன் கொடுத்தவர் யார்? தகட்டு மின்சாரத்தைக் கம்பிக்கு மாற்றித் தரும் இன்வெர்ட்டர்களை இணையத்தின் வழியே தொலைவிலிருந்து இயக்கவும் நிறுத்தவும் முடியும் என்றால், அந்தச் சாவி எந்த நாட்டில் இருக்கிறது?

நம் கட்சி உறுப்பினரிடமே முதலில் கேளுங்கள். விடை தெரியவில்லை என்றால் வெட்கமில்லை. அடுத்த கூட்டத்தொடரில் அமைச்சரிடம் கேட்டு வந்து சொல்லட்டும். கேட்க மறுத்தால், மேடையில் அவர் பேசும் பசுமை வெறும் சாயம் என்று ஊரறியச் சொல்லுங்கள்.