ஏமாந்தவங்களைத் திட்டுறதை நிறுத்துங்க, திருப்பிக் கேக்க விடுங்க

கொஞ்சம் நீளமான பதிவு. நாலு பேரை வேலைக்கு வெச்சிருக்கிறவங்க அவசியம் கடைசி வரை படிங்க.

ஆபீஸ்ல ஒருத்தர் போலி மெயிலையோ போலி வாட்ஸ்அப்பையோ நம்பிப் பணம் அனுப்பிட்டா, நாம முதல்ல கேக்குறது: "படிச்சவங்கதானே, இது கூடவா தெரியல?" இந்தக் கேள்வியே தப்பு. மேல இருக்கிறவர் சொன்னா மறுபேச்சு இல்லாம செய்யணும்னு அவங்களைப் பழக்கினது நாமதான். திருடன் அந்தப் பழக்கம் வழியாத்தான் உள்ள வர்றான்.

எங்க துறையிலேயே இதுக்கு ஆதாரம் இருக்கு. 1966-ல் அமெரிக்காவில் சார்லஸ் ஹாஃப்லிங் என்ற மனநல மருத்துவர் ஒரு சோதனையை வெளியிட்டார். வார்டுல இருக்கிற நர்ஸுக்கு ஒரு போன் வரும். முன்ன பின்ன தெரியாத ஒரு டாக்டர். "இந்த நோயாளிக்கு இந்த மருந்து 20 மில்லிகிராம் குடுத்துடுங்க, நான் வந்து கையெழுத்துப் போடுறேன்." டப்பா மேல அதிகபட்ச அளவு 10 மில்லிகிராம்னு அச்சடிச்சிருக்கு. போன்ல ஆர்டர் வாங்கக்கூடாதுங்கிறது ஆஸ்பத்திரி விதி. ஆனாலும் 22 நர்ஸ்ல 21 பேர் மருந்தை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. (உள்ள இருந்தது வெறும் குளுக்கோஸ். வழியிலேயே நிறுத்திட்டாங்க.)

இதே சூழ்நிலையைச் சொல்லி "நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?"ன்னு வேற நர்ஸுங்க கிட்ட கேட்டாங்க. கிட்டத்தட்ட எல்லாருமே "குடுக்கவே மாட்டேன்"னு சொன்னாங்க. இதைப் படிக்கிற நீங்களும் இப்ப அதையேதான் நினைக்கிறீங்க, இல்லையா?

1977-ல் ரேங்க், ஜேக்கப்சன் ரெண்டு பேரும் இதைத் திரும்பச் செஞ்சு பார்த்தாங்க. இந்த முறை நர்ஸுங்களுக்குப் பழக்கமான மருந்து. பக்கத்துல இருக்கிறவங்க கிட்ட கலந்து பேசவும் வழி இருந்தது. 18 பேர்ல 2 பேர்தான் குடுக்கத் தயாரானாங்க. மனுஷங்க அதே மாதிரி மனுஷங்கதான். விஷயம் தெரிஞ்சிருந்தது, கேக்க ஆள் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்ப நம்ம நாட்டுக்கு வாங்க. 2022-ல் கலெக்டர் போட்டோ, பெரிய போலீஸ் அதிகாரி போட்டோவை டிபி-யா வெச்சு, கீழ வேலை பார்க்கிறவங்களுக்கு "மீட்டிங்ல இருக்கேன், அவசரமா அமேசான் கிஃப்ட் கார்டு வாங்கி அனுப்புங்க"ன்னு மெசேஜ் வந்தது. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு தன் போட்டோவை வெச்சும் இது நடக்குதுன்னு மக்களை எச்சரிக்க வேண்டியதாப் போச்சு. அதே வருஷம் புனேயில், கொரோனா தடுப்பூசி தயாரிச்ச சீரம் இன்ஸ்டிடியூட்ல, அதார் பூனாவாலா அனுப்பின மாதிரி ஒரு வாட்ஸ்அப். சுமார் 1 கோடி ரூபாய் போயிடுச்சு. மெசேஜ் போனது ஒரு டைரக்டருக்கு. அவரை விட படிச்சவங்களா நாம?

2018 நவம்பர்ல நடந்தது இன்னும் பெரிசு. டெக்னிமான்ட் என்ற இத்தாலிய நிறுவனத்தோட இந்தியக் கிளைக்கு, தலைமை அதிகாரி பேர்ல மெயில். "சீனாவில் ரகசியமா ஒரு கம்பெனி வாங்கறோம், வெளியே சொல்லாதீங்க." கூடவே வக்கீல் மாதிரி எல்லாம் ஆளுங்க பேசின கான்ஃபரன்ஸ் கால். ஹாங்காங் வங்கிகளுக்கு மூணு தவணையா சுமார் 130 கோடி ரூபாய் போச்சு. அந்த "வெளியே சொல்லாதீங்க"வை கவனிங்க. பக்கத்து சீட்டுக்காரரை விலக்கி வைக்கிறதுதான் அவங்களுக்கு முதல் வேலை.

"வீடியோ கால்ல முகத்தைப் பார்த்துட்டா போதுமே?" போதாது. 2024 ஜனவரியில் ஹாங்காங்ல ஆரப் என்ற பொறியியல் நிறுவன ஊழியர் மெயிலைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். வீடியோ கால்ல நிதி அதிகாரி முகமும் சக ஊழியர்கள் முகமும் தெரிஞ்சதும் நம்பிட்டார். அத்தனையும் ஏஐ போலி. 20 கோடி ஹாங்காங் டாலர்.

நான் இருக்கிறது நாட்றம்பள்ளி. காலையில கம்பெனி பஸ்ஸுங்க வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் நம்ம பொண்ணுங்களை ஏத்திக்கிட்டுப் போற ஊர். இந்த பெல்ட்ல தோலும் ஷூவும் வெளிநாட்டுக்குப் போகுது, கெமிக்கல் வெளிநாட்டுல இருந்தும் வருது. பில், பேங்க் விவரம் எல்லாம் மெயில்லதான். 2015-ல் ஓஎன்ஜிசி கதையைக் கேட்டா இங்க இருக்கிற ஏற்றுமதிக்காரங்களுக்குத் தூக்கம் வரக்கூடாது. மெயில் முகவரியில 'என்' 'ஜி' ரெண்டு எழுத்தையும் இடம் மாத்திப் போட்டு, சவூதி வாடிக்கையாளர் கிட்ட "இனி இந்த அக்கவுண்டுக்கு அனுப்புங்க"ன்னு சொல்லியிருக்காங்க. 197 கோடி ரூபாய் வழி மாறிப் போச்சுன்னு புகார்.

ஓஎன்ஜிசிக்கே இந்த கதின்னா, நம்ம ஷூ கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல உக்காந்திருக்கிற, பி.காம் முடிச்ச 23 வயசுப் பொண்ணு என்ன பண்ணும்? சப்ளையர் பேர்ல மெயில் வருது: எங்க பேங்க் மாறிடுச்சு. பில் நிஜம், தொகை நிஜம், அக்கவுண்ட் நம்பர் மட்டும் பொய். சந்தேகம் வந்தாலும் யாரைக் கேக்கும்? போன மாசம் ஒரு சந்தேகம் கேட்டதுக்கு "உனக்கு எதுக்கு சம்பளம் குடுக்கறேன்?"னு கேட்ட முதலாளியையா?

சார், அந்த ஒரு வார்த்தையில உங்க கஜானா சாவியைத் திருடன் கையில குடுத்துட்டீங்க. ஆண்டிவைரஸுக்குச் செலவு பண்ணி என்ன பிரயோஜனம்?

ரத்தம் ஏத்துறதுக்கு முன்னாடி எங்க வார்டுல பை நம்பர், குரூப், நோயாளி பேர் எல்லாத்தையும் ரெண்டு பேர் சேர்ந்து சரிபார்க்கணும். எந்த நர்ஸும் "என்னைச் சந்தேகப்படுறீங்களா"ன்னு கோவிச்சுக்கிட்டது இல்ல. டாக்டர் போன்ல சொன்ன டோஸை நர்ஸ் திருப்பிச் சொல்லி உறுதி பண்ணிக்கணும், அதுதான் முறை. "நான் சொன்னா செய்யணும், அவ்வளவுதான்"னு கத்துற டாக்டர்களும் இருக்காங்க. அவங்க வார்டுலதான் எனக்குப் பயம்.

இதே முறை அக்கவுண்ட்ஸ்லயும் வரணும். பேங்க் விவரம் மாறுதுன்னு மெயில் வந்தா, அந்த மெயில்ல இருக்கிற நம்பருக்குக் கூப்பிடாதீங்க. பழைய பில்லுல இருக்கிற நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்க. ரெண்டாவது ஆள் பார்க்காம புது அக்கவுண்டுக்கு ஒரு ரூபாய் கூடப் போகக்கூடாது. முதலாளி எல்லார் முன்னாடியும் வாயைத் திறந்து சொல்லணும்: "என் பேர்ல மெசேஜ் வந்தா எனக்கே போன் போட்டுக் கேளுங்க. ராத்திரி பத்து மணியானாலும் திட்ட மாட்டேன்." சொன்ன பிறகு நிஜமாவே திட்டக்கூடாது.

"இப்படி ஒவ்வொண்ணையும் கேட்டுட்டே இருந்தா வேலை லேட் ஆகும் டாக்டர்"னு கமெண்ட் வரும், தெரியும். ஒரு போன் காலுக்கு எவ்வளவு நேரம் ஆகும், சொல்லுங்க.

தையல் மெஷின்ல உக்காந்திருக்கிற அக்கா தங்கச்சிகளுக்குத் தனியா ஒண்ணு. "பிஎஃப் ஆபீஸ்ல இருந்து பேசறோம், யுஏஎன் சொல்லுங்க, ஓடிபி சொல்லுங்க"ன்னு யார் கேட்டாலும் கட் பண்ணுங்க. பிஎஃப் நிறுவனம் போன்ல இதையெல்லாம் கேக்கிறதே இல்லைன்னு அவங்களே திரும்பத் திரும்ப அறிவிச்சிருக்காங்க. ஹெச்ஆர் பேர் சொன்னாலும் சரி, நேர்ல போய்க் கேட்டுக்கறேன்னு சொல்லுங்க.

பணம் போனவங்க ஓபி-க்கு வர்றாங்க. நெஞ்சு அடைக்குது, தூக்கம் இல்ல. ஈசிஜி நார்மலா இருக்கும். கொஞ்ச நேரம் பேசினாத்தான் விஷயம் வெளிய வரும். பணம் போனதை விட, வீட்டுலயும் வேலை இடத்துலயும் என்ன பேசுவாங்கன்னுதான் அழறாங்க. அந்தப் பயத்துல ரெண்டு நாள், மூணு நாள் யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்காங்க.

அந்த ரெண்டு நாள்லதான் பணம் பத்து அக்கவுண்ட் தாண்டிப் போயிடுது. மாரடைப்புக்கு முதல் மணி நேரம் மாதிரிதான் இதுவும். போனது தெரிஞ்ச அந்த நிமிஷமே 1930-க்குக் கூப்பிடுங்க, உங்க பேங்க்குக்கும் சொல்லுங்க. பணம் வேற கைக்கு மாறுறதுக்குள்ள முடக்க வாய்ப்பு இருக்கு. உங்க ஊழியர் உங்க கிட்ட வந்து "சார், தப்பு நடந்துடுச்சு"ன்னு சொன்னா, திட்டுறதை நாளைக்கு வெச்சுக்கிட்டு முதல்ல போனை எடுங்க.