ஐந்து நாளில் நான்கு ஊர்: மலேசியா பெக்கேஜ் கட்டும் முன் ஒரு கணக்குப் பார்ப்போம்



கொஞ்சம் நீளமான பதிவு. டிசம்பர் விடுமுறைக்கு மலேசியா போகிற எண்ணத்தில் இருப்பவர்கள் முற்பணம் கட்டுவதற்கு முன் வாசியுங்கள். கட்டிவிட்டவர்களும் வாசிக்கலாம். கேள்வி கேட்க இன்னும் நேரம் இருக்கிறது.

நம்மூர் வட்ஸ்அப் குழுமங்களில் இப்போது ஒரே போஸ்டர்தான் சுற்றுகிறது. பெயரும் தொலைபேசி இலக்கமும் மட்டும் மாறும். நான்கு இரவு, ஐந்து பகல். கோலாலம்பூர், கெந்திங், லங்காவி, பினாங்கு. பின்னால் இரட்டைக் கோபுரம், கீழே சிரித்துக்கொண்டு ஒரு குடும்பம். "ஆசிரியர்களுக்கு விசேட தவணைக் கொடுப்பனவு" என்று வேறு. நாங்கள்தானே லோன் எடுக்கத் தயங்காத சமூகம்!

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வெளிநாடு போவதை எதிர்த்து இதை எழுதவில்லை. "அந்தக் காசுக்கு உம்றா போகலாமே" என்று ஆரம்பிக்கிறவர்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. உம்றா வேறு, ஊர் பார்ப்பது வேறு. பூமியில் பயணம் செய்து பார்க்கும்படி குர்ஆன் பல இடங்களில் சொல்கிறது. வருடம் முழுக்க வகுப்பறையிலும் குசினியிலும் கிடந்த ஒரு ராத்தா நாலு நாள் கடல் தாண்டிப் போய் வர ஆசைப்பட்டால் அதில் குற்றம் காண யாருக்கும் உரிமையில்லை. எங்கள் கோபம் பயணத்தின் மேல் இல்லை. அதை நாம் பிறர் கையில் தூக்கிக் கொடுக்கிற விதத்தின் மேல்.

அந்த ஐந்து பகலை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

கல்முனையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வேனில் ஓர் இரவு. அங்கிருந்து கோலாலம்பூருக்கு மூன்றரை மணி நேரப் பறப்பு. அவர்களுடைய மணிக்கூடு நம்முடையதை விட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை ஏழரைக்கு விமானம் ஏறினால் அங்கே இறங்கும்போது பகல் ஒன்றரை. குடிவரவு வரிசை, பெட்டி எடுப்பது, நகரத்துக்கு வருவது எல்லாம் முடிய அஸர் ஆகிவிடும். இது முதல் "பகல்". கடைசிப் பகலும் விமான நிலையத்துக்குத்தான் சொந்தம். மிச்சம் மூன்று. கெந்திங்குக்கு ஒன்று போனால் இரண்டு. லங்காவிக்கு இரவு பஸ்ஸில் ஏற்றி விடியற்காலையில் படகுத் துறையில் இறக்குவார்கள். அந்த இரவையும் போஸ்டரில் "நான்கு இரவு" கணக்கில் சேர்த்திருப்பார்கள். பினாங்கு? அது பாலத்தைக் கடக்கும்போது பஸ் ஜன்னலால் தெரியும்.

ஐந்து நாள் காசு கொடுத்து இரண்டு நாள் வாங்குகிறோம். அந்த இரண்டு நாளிலும் சொக்லேட் கடை, பத்திக் கடை, தோல் பொருள் கடை என்று இறக்கி இறக்கி ஏற்றுவார்கள். மஸ்ஜித் நெகாராவுக்கு இருபது நிமிடம் தருகிறவர்கள் சொக்லேட் கடைக்கு ஒரு மணித்தியாலம் தருவது ஏன் என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

இதில் நம்மைப் போன்ற ஆசிரியர்கள்தான் முதலில் வெட்கப்பட வேண்டும். தரம் ஒன்பது பிள்ளைகளை அநுராதபுரம் கூட்டிப் போக என்னென்ன செய்கிறோம்? நோக்கம், பாதை, நேர அட்டவணை, சாப்பாடு, முதலுதவி, பெற்றோர் சம்மதம் எல்லாம் எழுதி, அதிபரின் கையொப்பத்தோடு வலயக் கல்வி அலுவலகத்தில் அனுமதி எடுக்கிறோம். கலாசாலையில் இதற்கென்றே ஒப்படை எழுதிப் புள்ளி வாங்கியவர்கள் நாங்கள். அதே ஆள் தன் குடும்பத்தை லட்சக்கணக்கில் செலவழித்துக் கடல் கடந்து கூட்டிப் போகும்போது, வட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தைப் பார்த்துக் கடவுச்சீட்டைத் தூக்கிக் கொடுக்கிறார். ரசீது கூட எழுத்தில் இல்லை. "நம்ம ஆள்தானே சேர்" என்பதுதான் ஒப்பந்தம்.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு நடந்தது இது. ஹொட்டேலில் இறங்கியதும் வரவேற்பு மேசையில் சுற்றுலா வரி கேட்டார்கள். வெளிநாட்டவர்களுக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 றிங்கிட். எல்லோருக்கும் உள்ள வரிதான், மறைவான ஒன்றல்ல. ஆனால் ஏஜென்சிக்காரர் வாயே திறக்கவில்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, "அது உங்கட செலவு" என்றார். மலேசியாவுக்குள் நுழைய முன் நிரப்ப வேண்டிய டிஜிட்டல் வருகை அட்டைக்கும் தலைக்கு இவ்வளவு என்று அறவிட்டிருந்தார். 2024 ஜனவரியிலிருந்து கட்டாயமான அட்டை அது. போய் இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள், குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் நாமே நிரப்பலாம். கட்டணம் ஒரு சதமும் இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளை கால் மணி நேரத்தில் நிரப்பிவிடும்.

வீசா விடயத்தில் இதைவிடக் கவனம் தேவை. வீசா கிடைத்துவிட்டால் உள்ளே விட்டே ஆக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. திரும்பி வரும் ரிக்கட், தங்குமிடப் பதிவு, கையிலுள்ள காசு எல்லாவற்றையும் அதிகாரி கேட்கலாம். நம் பக்கத்தில் சில பேர் சுற்றுலாக் குழுவோடு ஒன்றிரண்டு பொடியன்மாரையும் "விசிட்டில் போய் வேலை பார்க்கலாம்" என்று சேர்த்து அனுப்புகிறார்கள். அவன் திரும்பி வராமல் அங்கேயே நின்றுவிட்டால் அடுத்த முறை போகிற குடும்பங்களுக்குத்தான் விசாரணை. அந்தப் பொடியனின் நிலைமை அதைவிட மோசம். வேலை செய்ய உரிமையில்லாத வீசாவில் நிற்கிறவனுக்குச் சம்பளம் கொடுக்காவிட்டாலும் எங்கே போய் முறையிடுவான்? உங்கள் குழுவில் யார் யார் வருகிறார்கள் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இனி காலநிலை. போஸ்டர் அடிக்கிறவர்களுக்கு இந்தப் பாடம் தேவையில்லை போலும். டிசம்பரில் நம் கரையை நனைக்கிற அதே வடகீழ்ப் பருவக்காற்றுத்தான் மலேசியாவின் கிழக்குக் கரையையும் நனைக்கிறது. கிளந்தான், திரங்கானு, பகாங் பக்கம் அது வெள்ள காலம். பெர்ஹெந்தியன், ரெடாங் தீவுகளில் பெரும்பாலான தங்குமிடங்களை அந்த மாதங்களில் மூடிவிடுவார்கள். அந்தத் தீவுகளின் நீலக்கடல் படத்தைப் போட்டு டிசம்பர் ட்ரிப் விற்கிறவரை என்னவென்று சொல்வது? மேற்குக் கரையில் உள்ள பினாங்கும் லங்காவியும் டிசம்பர் பிற்பாதியிலிருந்து பெப்ரவரி வரை ஓரளவு நல்லாக இருக்கும். கோலாலம்பூரில் எந்த மாதமும் பின்னேரம் மழை பெய்யலாம். குடை ஒன்று வைத்துக்கொண்டால் போதும்.

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு போகலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. முஸ்லிம் பாடசாலைகளுக்கு லீவு அப்போதுதானே. ஆனால் நமக்குப் பெருநாள் என்றால் அவர்களுக்கும் பெருநாள்தான். மலாய்க்காரர் எல்லோரும் கிராமத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். நெடுஞ்சாலை நிறைந்துவிடும், ரயில் ரிக்கட் முன்கூட்டியே முடிந்துவிடும், சின்னச் சாப்பாட்டுக் கடைகள் பல பூட்டியிருக்கும். அதையும் யாரும் சொல்லித் தருவதில்லை.

கெந்திங் பற்றி ஒரு வார்த்தை. நாட்டிலேயே சட்டப்படி இயங்கும் ஒரே கசினோ இருக்கிற மலை அது. முஸ்லிம்கள் அதற்குள் நுழையவே முடியாது. கேபிள் காரும் குளிரும் பார்க்கப் போகிறோம் என்பீர்கள். கேபிள் கார் சரி. குளிருக்கு நுவரெலியா இருக்கிறதே! உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஐந்து நாளில் ஒரு நாளைக் கொடுத்துப் பார்க்கிற அளவுக்கு அங்கே நமக்கு என்ன இருக்கிறது?

ஆனால் பஸ் ஜன்னலால் காட்டிவிட்டுப் போகிறார்களே பினாங்கு, அங்கே இருக்கிறது நமக்கு. ஜோர்ஜ் டவுனில் சூலியா வீதி என்று ஒரு வீதி. சூலியா என்றால் தென்னிந்தியாவிலிருந்து வியாபாரத்துக்குப் போன தமிழ் பேசும் முஸ்லிம்கள். அருகிலேயே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1801இல் தொடங்கியது. அதைக் கட்டுவித்த காதர் மைதீனின் குடும்பப் பெயர் மெரிக்கன். அது வேறொன்றுமில்லை, நம் மரைக்கார்தான் மலாய் வாயில் அப்படி ஆனது. நாகூர் ஆண்டகையின் பெயரில் ஒரு தர்ஹாவும் அங்கே உண்டு. காவுதடியில் சோறும் கறியும் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்களின் சாப்பாடுதான் நாசி கண்டார். அந்தக் கடைக்காரரை அவர்கள் "மாமாக்" என்கிறார்கள். நம் மாமாதான்! பிள்ளைகளைக் கூட்டிப் போய் அந்த வீதியில் இரண்டு நாள் நடக்க விட்டால், நம் மொழியும் மார்க்கமும் எவ்வளவு தூரம் கப்பலேறிப் போயிருக்கிறது என்று கண்ணால் காண்பார்கள். 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை ஆக்கிய நகரம் அது. நம் ஏஜென்சிகளுக்கு அது ஒரு பாலம் மட்டும்.

கோலாலம்பூரிலும் அப்படித்தான். இரண்டு ஆறு சேரும் இடத்தில் 1909இல் திறந்த மஸ்ஜித் ஜாமெக். தேசியப் பள்ளிவாசலுக்குப் பக்கத்திலேயே இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். வரலாறும் சித்திரமும் படிப்பிக்கிறவர்களுக்கு அரை நாள் போதாது. இரட்டைக் கோபுரத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இரவில் கீழே நின்று பார்க்கக் காசே தேவையில்லை.

ஆக, இரண்டே ஊர். கோலாலம்பூர் இரண்டு இரவு, பினாங்கு இரண்டு இரவு. இடையில் ரயிலில் நாலு மணி நேரம் அளவில் பட்டர்வேர்த், அங்கிருந்து படகு. இதற்கு ஏஜென்சி எதற்கு?

கடைசியாக, எங்களுக்கு ஆகவும் கசக்கிற விடயம். இந்தப் பயணங்களுக்கான காசு எங்கிருந்து வருகிறது? பாதி வீடுகளில் பெண்கள் பிடித்த சீட்டு. மாதா மாதம் வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துக் கட்டிய சீட்டு. அந்தக் காசு எங்கே போக வேண்டும், எத்தனை நாள், எந்த ஹொட்டேல் என்று தீர்மானிப்பது ஆண்கள் மட்டும் உள்ள ஒரு வட்ஸ்அப் குழுமம்! முழங்கால் வலியுள்ள உம்மாவை இரவு பஸ்ஸில் ஏற்றலாமா என்று அந்தக் குழுமத்தில் யார் கேட்டார்கள்? ஹொட்டேலுக்கு ரைஸ் குக்கர், அரிசி, சீனிச் சம்பல், கருவாட்டுப் பொரியல் என்று பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு போகிற குடும்பங்கள் உண்டு. தெருவுக்குத் தெரு ஹலால் கடை உள்ள நாட்டில், நடுச்சாமம் வரை ரொட்டியும் தேயிலையும் கிடைக்கிற நாட்டில், அறைக்குள் நின்று சோறாக்குகிறார் ஒரு ராத்தா. வாழ்நாளில் ஒருமுறை கிடைத்த பயணம் அவருக்கு. போட்டோவில் சிரித்திருப்பார். அவரிடம் கோலாலம்பூர் எப்படி என்று கேட்டால் அந்த அறையின் சுவர் நிறத்தைச் சொல்வார்.

சாப்பாட்டுக்குச் செலவாகுமே என்பார்கள். சொக்லேட் கடையில் கொடுத்த காசைக் கணக்குப் பாருங்கள்.

டிசம்பருக்குப் போவதென்றால் ஆசிரியர்கள் வெளிநாட்டு லீவுக்கான பொது 126 படிவத்தை இப்போதே அதிபரிடம் கொடுங்கள். விடுமுறை காலமானாலும் அனுமதி வேண்டும். வலயத்துக்குப் போய் அதற்கு மேலும் போய் வரச் சுணங்கும். அதற்கு முன், இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு, அந்தப் போஸ்டரை வீட்டில் உள்ள பெண்களிடம் காட்டி, "இதில் உங்களுக்கு எந்த ஊர் பார்க்க ஆசை?" என்று கேட்டுப் பாருங்கள்.

பதில் சொல்ல விரும்பும் ஏஜென்சிக்காரர்கள் தாராளமாக வரலாம். விமான ரிக்கட் எவ்வளவு, ஹொட்டேல் எவ்வளவு, உங்கள் கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதிய தாளோடு வாருங்கள்.