கருவியை நீட்டும் கை

குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரத்தில், தென்காசியைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகளுடன் என்னைக் காண வந்தார். "சுவாமி, இவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். பல் மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்க்கலாம் என்றிருக்கிறோம். கருவியை எடுத்துக் கொடுக்கும் வேலைதானே. அதற்குப் பயிற்சி எதற்கு?" என்றார்.

அன்பார்ந்த குடும்பத்தினரே, கருவியை எடுத்துக் கொடுப்பது எளிது; மாசின்றிக் கொடுப்பதே அரிது. ஒருவர் வாயில் பட்ட கருவியில் இரத்தமும் உமிழ்நீரும் ஒட்டியிருக்கும். அதனைத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, உறையிலிட்டு, ஆட்டோகிளேவ் எனும் நீராவிக் கலத்தில் 121 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் 30 நிமிடம் வைத்தெடுத்தல் வேண்டும். அவசரத்தில் இதில் குறை வைத்தால், ஹெபடைடிஸ் பி போன்ற நோய் அடுத்தவரைப் பற்றக்கூடும். உதவியாளரும் அந்நோய்க்கான மூன்று தவணைத் தடுப்பூசியை முன்னரே போட்டுக்கொள்ளுதல் நலம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம், மருத்துவருக்குத் துணைநிற்போரில் இரு பிரிவினரையே பதிவுக்குரியோராக வகுத்தது: பற்களைத் துப்புரவு செய்யும் ஹைஜீனிஸ்ட், செயற்கைப் பல் அமைக்கும் மெக்கானிக். இவ்விரண்டுக்கும் ஈராண்டுப் படிப்பு. உதவியாளருக்கென அச்சட்டம் தனிப் பதிவேடு வகுக்கவில்லை. ஆகவே, சில மாதப் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன், "இச்சான்றிதழை யார் ஏற்பர்? நீராவிக் கலத்தை என் மகள் தன் கையால் இயக்கிப் பழகுவாளா?" என்று கேளுங்கள்.

இவற்றைச் சொன்னபோது தாய் சிந்தனையில் ஆழ்ந்தார். மகளோ, "அப்படியானால் கற்றுக்கொண்டே போகிறேன், சுவாமி" என்றாள். வாய் திறந்து, நம்மை நம்பிக் கிடக்கும் நோயாளிக்கு, அவர் காணாத இடத்தில் நாம் காட்டும் நேர்மையே முதல் மருந்து.