சர்க்கரைக்கு ஒரு சீட்டு

செகந்திராபாத்திலிருந்து கரீம்நகர் போகும் சாலையில், ஷாமீர்பேட்டைப் பக்கம் விரிந்து கிடக்கிறது ஜீனோம் வேலி. இங்கு தயாராகும் டைபாய்டு தடுப்பூசியின் கதை, ஒரு சர்க்கரையின் குணத்தை வேதியியல் மாற்றிய கதை.

டைபாய்டு கிருமி மேலே போட்டிருக்கும் சட்டை, ‘விஐ’ என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலி. 1934-ல் அடையாளம் காணப்பட்டது. இதைப் பிரித்தெடுத்து ஊசியாகப் போட்டால் பெரியவர்கள் உடலில் எதிர்ப்புச் சக்தி பிறக்கும். ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் உடல் இந்தச் சட்டையைச் சட்டை செய்வதே இல்லை. காரணம், எதிர்ப்புப் படையை முடுக்கிவிடும் ‘டி’ அணுக்கள் பெரும்பாலும் புரதத்தைத்தான் அடையாளம் காணும். வெறும் சர்க்கரை அவற்றின் கண்ணில் படாது.

பரிகாரம்? சர்க்கரையின் மீது புரதச் சீட்டு ஒன்றை ஒட்டுவது. நியூயார்க்கில் ஏவரியும் கோபலும் 1929-லேயே காட்டிய வழி இது. ஹைதராபாத்தின் பாரத் பயோடெக், விஐ சங்கிலியோடு ரண ஜன்னித் தடுப்பூசியின் புரதத்தைப் பிணைத்தது. 2013-ல் இந்திய அனுமதி கிடைத்தது. ஆறு மாதக் குழந்தையின் உடலும் இந்தச் சீட்டைப் படித்துவிடுகிறது, நினைவிலும் வைத்துக்கொள்கிறது.

ஒட்டுவதில்தான் சூட்சுமம். சங்கிலியில் தொங்கும் அசிட்டைல் தொகுதிகள்தான் அதன் முகம். காரம் கூடினால் அவை உதிர்ந்துவிடும். அளவுக்கு மீறி ஒட்டினாலும் முகம் மறைந்துபோகும். ஆய்வுக்கூடங்களில் சர்க்கரையைப் பின்தொடர ஒளிரும் சாயம் ஒட்டுபவர்களுக்கும் இதே கவலைதான்: சீட்டு ஒட்டிய பின் இருப்பது பழைய பொருள்தானா?

இந்தச் சர்க்கரை தேறியது களத்தில். நேபாளத்தில் சுமார் 20,000 குழந்தைகளிடம் நடந்த சோதனையில் ஏறத்தாழ 82 சதவீதப் பாதுகாப்பு கிடைத்ததாக 2019-ல் முடிவு வெளியானது. அதற்குள் இன்னொரு ஹைதராபாத்திலிருந்து அழைப்பு வந்திருந்தது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலுள்ள அந்த ஊரில், 2016 நவம்பரில், ஐந்து வகை ஆன்டிபயாடிக்குகளுக்கும் மசியாத டைபாய்டு தலைதூக்கியது. 2017 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் தர, 2018-ல் இந்த ஹைதராபாத்தின் ஊசி அந்த ஹைதராபாத்தின் குழந்தைகளுக்குப் போடப்பட்டது. எல்லையில் எவ்வளவு பகை இருந்தாலும் ஊசிக்கு அது தெரியாது. 2019 நவம்பரில், வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் இதைச் சேர்த்த முதல் நாடானது பாகிஸ்தான்.

தயாரித்த நாட்டில், அரசு சார்பில் முதலில் போட ஆரம்பித்தது 2018-ல் நவி மும்பை மாநகராட்சி. சீட்டைக் குழந்தைகளின் உடல் படித்துவிட்டது. கழிவுநீர் கலக்காத குடிநீர் தரவேண்டிய ஊர்கள்தான் இன்னும் பாடம் படிக்க வேண்டியிருக்கிறது.