லேப்டாப் திடீர் திடீரென அணைந்துபோகிறதா? ஃபார்மேட் போடும் முன் இதைப் பாருங்கள்!

இரவு பதினொன்றரை மணி. காலையில் புராஜெக்ட் ரிப்போர்ட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். நாற்பத்தோராவது பக்கத்தில் இருக்கும்போது திரை ஒரு நொடி உறைந்து, அப்படியே கறுத்துப்போனது. அந்த வாரத்தில் இது ஐந்தாவது முறை. "அப்பா, திரும்பவும் ஆஃப் ஆயிடுச்சுப்பா!" என்று மகள் அழாத குறையாகக் கூப்பிட்டாள். பொழுது விடிந்ததும் அப்பா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கடைக்கு ஓடினார். பிரித்துக்கூடப் பார்க்காமல் பதில் வந்தது: "மதர்போர்டு போயிடுச்சு சார். புதுசு வாங்கிடுங்க."

மதர்போர்டு போகவில்லை. என்ன ஆனது என்பது கடைசியில். இதே தலைவலி பல வீடுகளில் இருப்பதால், கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே என்னென்ன பார்க்கலாம் என்று பார்த்துவிடுவோம்.

முதல் வேலை ரிப்பேர் அல்ல, பேக்கப். அணைந்த லேப்டாப் மறுபடி ஆன் ஆனதும் முக்கியமான ஃபைல்களை பென்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ போட்டுவிடுங்கள். காரணம் எஸ்.எஸ்.டி-யாக இருந்தால் அது இன்னொரு முறை எழுந்திருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. புது லேப்டாப் கடையில் கிடைக்கும், குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோ கிடைக்காது.

அடுத்து, அது எப்படி அணைகிறது என்று கவனியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. நீலத் திரையில் (புதிய விண்டோஸ் 11-ல் இது கறுப்புத் திரை) ஏதோ எழுத்துகள் வந்து நிற்கிறதா? பதறாமல் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'ஸ்டாப் கோடு' என்று ஒன்று இருக்கும். மெக்கானிக்குக்கு அது டாக்டருக்கு பிளட் ரிப்போர்ட் மாதிரி. எந்த அறிவிப்பும் இல்லாமல், சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று நின்றால், பெரும்பாலும் சூடு அல்லது மின்சாரம்தான் பிரச்னை.

நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டைத்தான். லேப்டாப்பின் மூளையான பிராசஸர், பல மாடல்களில் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு வரை தாக்குப்பிடிக்கும். அதை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால், எரிந்துபோகாமல் இருக்கத் தானே அணைந்துவிடும். அதாவது, நீங்கள் கோளாறு என்று நினைப்பது பல நேரங்களில் லேப்டாப்பின் தற்காப்பு. மெத்தை மேல் வைத்து வேலை பார்த்தால் அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் மூடிக்கொள்ளும். தலையணை, போர்வை, மடி எல்லாம் அதே கதைதான். துளைகளில் தூசி அடைத்தால் எங்கே வைத்தாலும் சூடாகும். மேஜை மேல் வைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அணைவது குறைந்தால் திருடன் அகப்பட்டுவிட்டான். ஃபேனைச் சுத்தம் செய்வதையும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதையும் தெரிந்தவரிடம் விடுங்கள். வேக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்ச வேண்டாம், அதில் உண்டாகும் நிலைமின்சாரம் உள்ளே இருக்கும் சிப்புகளைக் கெடுத்துவிடலாம்.

சார்ஜரைக் கழற்றினால் மட்டும் அணைகிறதா? பேட்டரியைப் பாருங்கள். வயரை ஆட்டினால் அணைகிறதா? சார்ஜர் பின்னைப் பாருங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது, மூடி சரியாக மூடவில்லை என்றால் பேட்டரி உப்பியிருக்கலாம். இதில் விளையாட்டே கூடாது. அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அழுத்தாமல், குத்தாமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது.

சூடும் இல்லை, பேட்டரியும் சரி என்றால் விண்டோஸிடமே கேட்டுவிடலாம். ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று டைப் செய்தால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். எந்த நாளில் எது படுத்தது என்று சிவப்புப் பெருக்கல் குறியோடு காட்டும். கம்ப்யூட்டரின் டைரி என்று சொல்லலாம், ஆனால் வாங்கிய நாளிலிருந்து இதைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் அதிகம். தொல்லை ஆரம்பித்த அதே நாளில் ஒரு அப்டேட்டோ டிரைவரோ புதிதாக இறங்கியிருந்தால், 'டிவைஸ் மேனேஜர்' போய் அந்த டிரைவரைப் பழைய நிலைக்கே திருப்பலாம்.

ஒரு அப்டேட் இவ்வளவு செய்யுமா என்றால், செய்யும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு சாஃப்ட்வேருக்கு வந்த ஒரு தவறான அப்டேட், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் படுக்க வைத்தது என்பது மைக்ரோசாஃப்ட்டின் கணக்கு. விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தது நினைவிருக்கலாம்.

'சேஃப் மோடில்' ஓட்டும்போது அணையவே இல்லை என்றாலும் சந்தேகம் சாஃப்ட்வேர் பக்கம்தான். அங்கேயும் அணைந்தால் ரேமைச் சோதியுங்கள். 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' உள்ளேயே இருக்கிறது, காசு கிடையாது. இரவு ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

கடைகளில் எதற்கெடுத்தாலும் சொல்லும் 'ஃபார்மேட் போட்டுடலாம்' என்பதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். தூசி அடைத்த ஃபேனை ஃபார்மேட் சுத்தம் செய்யாது. இன்னொன்று: இப்போது வரும் பல லேப்டாப்களில் ஃபைல்கள் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கும் 'பிட்லாக்கர் ரெக்கவரி கீ'யைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் போனால் உங்கள் ஃபைலை நீங்களே திறக்க முடியாது.

சரி, அந்த மகளின் லேப்டாப்? இரண்டாவது கடையில் பிரித்தார்கள். காற்றுத் துளையில் தூசி பஞ்சு மெத்தைபோலப் படிந்திருந்தது, ஃபேன் சுற்றவே இல்லை. ஃபேனை மாற்றியதோடு சரியாகிவிட்டது. ரிப்போர்ட் இரண்டு நாள் தாமதமாகப் போனது, மார்க்கும் கொஞ்சம் குறைந்தது. இப்போதும் அவள் கட்டிலில் உட்கார்ந்துதான் டைப் செய்கிறாள், ஆனால் லேப்டாப்புக்கு அடியில் பாட்டியின் மணைப்பலகை இருக்கிறது. பாட்டி சாப்பிட உட்காரும் நேரத்தில் மட்டும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.