எம்ராகுலை இறக்கினா குத்தமாய்யா?

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் காட்டமான பதிவு.

போன சனிக்கிழமை ராத்திரி எங்க ரூம்ல மேஜிக் தி கேதரிங் ஆடிக்கிட்டிருந்தோம். (தெரியாதவங்களுக்கு: 1993ல ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கின சீட்டாட்டம். ரம்மி மாதிரி பொதுக்கட்டு கிடையாது, அவங்கவங்க கட்டை அவங்கவங்களே சேர்த்துக்கிட்டு வரணும். ஆளுக்கு 20 உயிர்.) என்னோட மூணாவது முறையில எம்ராகுலை இறக்கினேன். எதிர்ல இருந்த நண்பர் சீட்டை விசிறிட்டு, "இதெல்லாம் ஒரு ஆட்டமா?"ன்னு எழுந்து போயிட்டார். ஞாயித்துக்கிழமை காலையில மெயில்: இனிமே நம்ம குழுவுல எம்ராகுலுக்குத் தடை, எல்லாரும் ஓட்டுப் போடுங்க.

அப்படி என்ன பூதம் அது? 2010ல வந்த சீட்டு. விலை 15 மானா, பலம் 15/15. பறக்கும். தாக்க வந்தாலே எதிராளி தன் பக்கம் இருக்கிறதுல ஆறைப் பலி கொடுக்கணும். நிறமுள்ள மந்திரம் எதையும் அது மேல குறிவைச்சுப் போட முடியாது. சரி, பயங்கரம்தான். ஒத்துக்கறேன்.

ஆனா நான் அதை இறக்கினது 'ஷோ அண்ட் டெல்' வழியா. 1998ல வந்த மூணு மானா சீட்டு. அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா சாமி? *ரெண்டு பேரும்* கையிலேர்ந்து ஒண்ணை இலவசமா இறக்கிக்கலாம். எனக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும்தான்! நீங்க என்ன இறக்கினீங்க? ஒரு நிலம். உங்களோடது வெள்ளைக் கட்டு. அதே இடத்துல ஒரு 'ஒப்ளிவியன் ரிங்' இறக்கியிருந்தா எம்ராகுல் காலி, நான் அம்போ.

அதுவும் போகட்டும். இப்படி இறக்கினா எம்ராகுலோட கூடுதல் முறை எனக்குக் கிடைக்காது. வந்த முறையிலேயே தாக்கவும் முடியாது. உங்களுக்கு ஒரு முழு முறை இருந்துச்சு. அதுக்கப்புறம் அடிச்சாலும் 15 தான், 5 உயிர் மிச்சம். இதுக்குள்ள எழுந்து போறது தோல்வி இல்லை தலைவா, சரண்டர்.

கேட்டா, "அந்த மாதிரி சீட்டெல்லாம் வச்சா என் வீரர்களுக்கு இடம் பத்தாது"ங்கறீங்க. ஆக, தற்காப்புக்கு இடம் ஒதுக்க மாட்டீங்க, நான் மட்டும் ஆயுதத்தைக் கீழே வைக்கணும். டெஸ்டிங் பண்ணாம புரோகிராமை அனுப்பிட்டு, பக் கண்டுபிடிச்சவனைத் திட்டுற கதையால்ல இருக்கு!

எம்ராகுலைக் கையில வச்சுக்கிட்டு, ஷோ அண்ட் டெல் வராம நான் தேவுடு காத்துத் தோத்த ஆட்டமெல்லாம் யாருக்காவது ஞாபகம் இருக்கா? அப்பல்லாம் சிரிச்சீங்களே?

தடையே தப்புன்னு சொல்லலை. கமாண்டர்ங்கிற ஆட்டமுறையில 2010 டிசம்பர்லயே இதைத் தடை பண்ணிட்டாங்க. அங்க நாலு பேர் உக்காந்து நிதானமா ஆடுவாங்க, 15 மானா சேர்க்கிறது பெரிய விஷயமே இல்லை. நியாயம். நேத்து ஆட்டம் கத்துக்கிட்ட பையன் முன்னாடி இதை இறக்கினா, அது என் அல்பத்தனம். அதுவும் நியாயம். ஆனா ஆறு வருஷமா ஆடுற நீங்க, தோத்த மறுநாள் கேக்கிற தடைக்குப் பேரு நியாயம் இல்லை, கடுப்பு.

என் ஓட்டு: தடை வேண்டாம். மீதிப் பேர் உங்களுக்குப் போட்டாலும், எம்ராகுலை வீட்டுல வச்சுட்டு நான் வருவேன். இந்தச் சனிக்கிழமை நீங்க வாங்க அண்ணே. எங்கிட்ட ஒப்ளிவியன் ரிங் நாலு சும்மாதான் கிடக்கு. எடுத்துக்கிட்டு வந்து என் பூதத்தை அடிங்க. அன்னிக்கு எழுந்து போறது யாருன்னு பார்ப்போம் :-)