இடுப்பு வலி சொல்லிக்கொடுத்த பாடம்



இரண்டு மாதமாகப் பதிவு எதுவும் காணோமே, சாருக்கு என்ன ஆச்சு என்று சிலர் போன் செய்து கேட்டீர்கள். ரேஷன் அரிசிப் பையைக் குனிந்து தூக்கியவன் நிமிர முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது.

முதுகெலும்பில் 33 முள்ளெலும்புகள் என்று வருடாவருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். எனக்கே வந்தபோது படித்ததெல்லாம் மறந்துபோச்சு. பத்து நாள் கட்டிலை விட்டு இறங்கவில்லை. மருந்துக்கடையில் கேட்டு வலி மாத்திரை விழுங்கினேன். பெல்ட் வாங்கினேன். நானாகவே போய் ஸ்கேனும் எடுத்தேன். அறிக்கையில் 'தேய்மானம்', 'டிஸ்க் பிதுக்கம்' என்று பார்த்ததும் பாதி உயிர் போய்விட்டது.

கடைசியில் என்னிடம் படித்த டாக்டர் பிள்ளையிடம் போனேன். கால்களைத் தூக்கிப் பார்த்தான், விரல்களை மடக்கச் சொன்னான். பிறகு சிரித்தான். "சார், உங்க வயசுல வலியே இல்லாதவங்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் பாதிப் பேருக்கு மேல இப்படித்தான் இருக்கும். எந்திரிச்சு நடங்க."

சாதாரண இடுப்பு வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறையும். படுத்தே கிடந்தால் தசை பலம் இழக்கும், உடம்பு இறுகும், பயம் கூடும். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2020இல் இந்த வலியோடு இருந்தவர்கள் சுமார் 62 கோடிப் பேர். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலிக்குக்கூட பெல்ட்டையும் டிராக்ஷனையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம், உடற்பயிற்சி கொடுங்கள் என்று அதே நிறுவனம் 2023இல் சொல்லியிருக்கிறது.

இனி, எனக்கு வெட்கமான விஷயத்துக்கு வருகிறேன். நான் படுத்திருந்த ஒன்பதாம் நாள், கட்டிலுக்கே காபி கொண்டுவந்த என் வீட்டம்மா கேட்டாள்: "எனக்கு இருபது வருஷமா இடுப்பு வலி. ஒரு நாளாவது நீங்க காபி போட்டுக் குடுத்தீங்களா?"

பதில் இல்லை. அவள் இடுப்பில் கையை வைத்தபடி அடுப்படியில் நின்றபோதெல்லாம் "வயசானா அப்படித்தான்" என்று சொன்னவன் நான். நம் வீடுகளில் ஆணுக்கு வந்தால் வியாதி, பெண்ணுக்கு வந்தால் இயற்கை. அவனுக்குத் தேவைக்கு மேல் ஓய்வு, அவளுக்குக் குனிந்து நிமிர்ந்த வேலை தீர்வதே இல்லை. இரண்டுமே தப்பு என்பதுதான் என் கருத்து. படுத்திருப்பவர் எழுந்திருக்க வேண்டும். ஓயாமல் சுமப்பவரின் சுமையைப் பங்கு போட வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இது. காலையும் மாலையும் இருவரும் சேர்ந்து நடக்கிறோம். பத்து நிமிடத்தில் தொடங்கி, இப்போது அரை மணி நேரம். வீடு பெருக்க நீளக் கைப்பிடி துடைப்பம். தண்ணீரை ஒரே குடமாக இல்லாமல் இரண்டு சின்ன வாளிகளில் எடுக்கிறோம். நிறைந்த சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ, அதை யாரும் தனியாகத் தூக்குவதில்லை. காய் நறுக்குவது என் வேலை. டிவி முன்னால் அரை மணிக்கு ஒருமுறை எழுந்துவிடுகிறோம்.

ஆனால் இவற்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்: சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பது, தொடைகளின் இடுக்கில் மரத்துப்போவது, கால் பலம் குறைவது. இவை வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, விழுந்த பின் வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் வலி இவற்றுக்கும் தாமதம் கூடாது. சர்க்கரை, பிரஷர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரையைத் தொடாதீர்கள்.

பிள்ளைகளே, வீட்டுப்பாடம் ஒன்று. இன்று ராத்திரி அம்மாவிடமோ மனைவியிடமோ "இடுப்பு வலிக்குதா?" என்று கேளுங்கள். பதிலை முழுசாகக் கேட்டுவிட்டு, நாளையிலிருந்து எந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள் என்று அவர்களிடமே சொல்லுங்கள். நான் இருபது வருஷம் தாமதமாகக் கேட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்